வெள்ளி மினுக்கவில்லை

என் கணவர் மேற்கு ஜன்னலுக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்.

ஜன்னல் எங்கள் மூன்றாம் மாடி நடைவழியின் கடைசியில் இருக்கிறது. எங்கள் கதவிலிருந்து முப்பத்திரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அவர் பனியனோடு வெளியே வந்தார். ஜன்னலில் வெள்ளி தெரிந்தது. உப்பளத்துக்கு மேலே, தனியாக, யாரோ விளக்கு ஏற்றி வைத்த மாதிரி.

"என்னமா நிக்கு பாரு புஷ்பம். கிட்டப் போயி ஒரு பார்வ பாத்துட்டு வாரேன்" என்றார்.

நான் தோசைக்கல்லைப் போட்டேன். முதல் தோசையைத் திருப்பிவிட்டு எட்டிப் பார்த்தேன். அவர் உள்ளங்கை அளவு இருந்தார்.

நடைவழி நீண்டிருந்தது. கூப்பிட்டேன். "வந்துட்டேன்" என்றார். அந்தச் சத்தம் மறுநாள் காலை பால் பாக்கெட்டோடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு போனில் பேசிக்கொண்டோம். போனில் தூரம் தெரியவில்லை.

அவரை நோக்கி நானும் நடந்து பார்த்தேன். அரை நாள் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக் கதவு கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவருக்கும் அப்படித்தான். எவ்வளவு நடந்தாலும் ஜன்னல் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது என்றார்.

நீண்ட இடத்தில் புதிதாக வீடுகள் இருந்தன. அவற்றில் ஆட்கள் இருந்தார்கள். முப்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறோம் என்று அவரிடம் சொன்னார்களாம். சோறு போட்டார்கள். படுக்கப் பாய் கொடுத்தார்கள்.

"நல்ல ஆளுக. ரசத்துலதான் உப்பு பத்தல" என்றார்.

என் பெயர் ராஜபுஷ்பம். உப்பு லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜில் வேலை பார்க்கிறேன். காலி லாரி ஒரு எடை. சரக்கோடு ஒரு எடை. கழித்தால் உப்பு. இருபது வருஷமாக இதுதான் வேலை. அதனால் எதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று நான் நினைப்பதில்லை. யாராவது கழிக்க வேண்டும்.

அவர் பெயர் அருணகிரி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கடையில் மூன்று மோட்டார்கள் பிரித்தபடி கிடந்தன.

பன்னிரண்டாம் நாள் நான் லீவு போட்டேன். நீள அகல அலுவலகத்துக்குப் போனேன்.

நீள அகல அலுவலகம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கட்டடத்தில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் இருக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இருக்காது. எனக்கு முன்னால் வரிசையில் ஒருவர் தன் சமையலறையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"அகலமாயிட்டு. விரிச்சா வீட்டுக்குள்ள அடங்க மாட்டேங்கு" என்றார்.

என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் பால்வண்ணன். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் டேப் தொங்கியது. கட்டை விரல் முழுக்க ஸ்டாம்பு மை.

"என்ன விஷயம்?"

"எங்க நடைவழி நீண்டுட்டு சார். எங்க வீட்டுக்காரரு அந்தக் கடைசியில இருக்காரு."

"கடைசியில என்ன இருக்கு?"

"ஜன்னல்."

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"வெள்ளி."

அவர் ஒரு பெரிய பதிவேட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கங்களைத் திருப்பினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"நட்சத்திரம்னு இருக்கே."

"அது நட்சத்திரம் இல்ல சார். கிரகம்."

"பதிவுல நட்சத்திரம். நட்சத்திரம்னா தூரம் ஜாஸ்தி. தூரத்துக்குத் தக்கன நடைவழி போட்டிருக்கு. நியாயம்தான?"

நியாயமாகத்தான் இருந்தது.

"நட்சத்திரம்னு யாரு சார் எழுதினது?"

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். என் கணவரின் கையெழுத்து. குறிப்பு என்ற இடத்தில், 'நட்சத்திரம். நல்ல பிரகாசம்' என்று எழுதியிருந்தது.

அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"ஜன்னல்கிட்ட என்னத்தையும் எழுதினீயளா?"

"ஒரு நோட்டு தொங்கிச்சு. பாத்தவுக எழுதணும்னு போட்டிருந்துச்சு. எழுதினேன்."

"என்னன்னு?"

"நட்சத்திரம்னு. பேனா நல்லா எழுதிச்சு புஷ்பம்."

போனை வைத்தேன். பால்வண்ணன் எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். மூன்று விநாடி இருக்கும்.

"திருத்தலாம். நட்சத்திரம் மினுக்கும். கிரகம் மினுக்காது. ஏழு சாயங்காலம், விடாம, மினுக்காம நின்னுச்சுன்னு காட்டுங்க. கிரகம்னு மாத்தித் தாரேன். நடைவழி அதுபாட்டுக்குச் சுருங்கிரும்."

"பாத்துட்டு வந்து சொல்லுதேன் சார்."

"சொன்னாப் பத்தாது. நூறு எண்ணுத வரைக்கும் பாக்கணும். அது மினுக்கக் கூடாது. நீங்களும் இமைக்கக் கூடாது."

"நான் ஏன் இமைக்கக் கூடாது?"

"நீங்க இமைச்சா, மினுக்கினது அதுவா நீங்களான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்க?"

இதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்றார். ஏழு நாளும் என் கண்ணைப் பார்க்க, எனக்குத் தெரிந்தவர் ஒருவர். கடைசி நாள் வெள்ளியைப் பார்க்க, என்னைத் தெரியாதவர் ஒருவர். ஏழாம் நாள் அவரே பதிவேட்டோடு வருவார். நான் இருக்கிறேன் என்பதற்கும் ஒரு சான்று வேண்டும்.

"ஆதார் இருக்கு சார்."

"அது நீங்க யாருன்னு சொல்லும். இருக்கீங்கன்னு சொல்லாது."

எழுந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு அலைச்சல் எதுக்கும்மா? விட்டுட்டீங்கன்னா அவருக்கு அங்கயே ஒரு வீடு ஒதுக்கிருவோம். உங்களுக்கு வேற ஜன்னல் தருவோம். கிழக்குப் பாத்தது. நல்ல வெளிச்சம் வரும்."

"எனக்கு ஜன்னல் வேண்டாம் சார். மனுசன் வேணும்."

"பலபேர் ஜன்னல்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

அன்று மத்தியானம் வே பிரிட்ஜுக்குப் போனேன். லாரி இல்லாத நேரமாகப் பார்த்து மேடையின் நடுவில் ஏறி நின்றேன். அறுபது என்று காட்டியது. எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். சீட்டில் வண்டி எண் கேட்டது. கதவு எண்ணை எழுதினேன். சரக்கு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அலுவலகத்தில் பால்வண்ணன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருக்கீங்க" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

விண்ணப்பம் மறுநாளே திரும்பி வந்தது. 'வெள்ளி' என்று எழுதியதால் அதைக் கிழமைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். 'திங்கள் முதல் வியாழன் வரை தெரிய வாய்ப்பில்லை' என்று மேலே எழுதியிருந்தது. நான் 'வெள்ளி என்னும் கிரகம்' என்று திருத்தி, வரிசையில் மறுபடி நின்று கொடுத்தேன். ஒரு நாள் போனது.

தெரிந்த சாட்சியாக எதிர்வீட்டு ஜெனோவா அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கண் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். மூட்டுவலி. ஆனாலும் வந்தார். மொட்டை மாடியில் நான் மேற்கே பார்த்து நின்றேன். அக்கா கிழக்கே பார்த்து, என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சுக்கிரன்னு எழுதியிருக்கலாமில்ல? காரியம் சீக்கிரம் நடக்குமே" என்றார்.

"எதுல எழுதினாலும் அதே வரிசைதான் அக்கா."

ஆறு நாற்பதுக்கு வெள்ளி தெரிந்தது. முதலில் ஊசிமுனை மாதிரி. வானம் கறுக்கக் கறுக்க அது முழுசானது. அதைச் சுற்றி வேறு ஒன்றும் இல்லை. நட்சத்திரங்கள் இன்னும் வரவில்லை. நான் அதை நேராகப் பார்த்தேன். அதுவும் என்னை அப்படியே பார்த்தது. லாரி நிற்கிற மாதிரி அசையாமல் நின்றது. மனசுக்குள் நூறு எண்ணினேன். ஐம்பதில் எரிச்சல். எண்பதில் மணல் போட்ட மாதிரி. நூறில் கண்ணை மூடினேன். மூடின இமைக்குள்ளும் அது இருந்தது.

"இமைக்கல" என்று அக்கா படிவத்தில் எழுதினார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே.

நான்காம் நாள் உப்பளப் பக்கமிருந்து காற்று திரும்பியது. எண்பத்தெட்டு எண்ணியிருந்தேன். கண்ணில் உப்பு விழுந்தது. இமைத்துவிட்டேன்.

அக்கா பேனாவைத் திறக்கவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கல புள்ள" என்றார்.

"பாத்தீய."

"நான் எழுதலன்னா யாருக்குத் தெரியும்? அந்த ஆளு தனியா நடந்துட்டுக் கெடக்காரு."

"எழுதுங்க அக்கா. தப்பா எழுதித்தான் இவ்வளவும் ஆயிருக்கு."

அக்கா எழுதினார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

கீழே வந்து அவருக்குப் போன் போட்டேன். கதவிலிருந்து பார்த்தால் அவர் அப்போது கடுகளவு இருந்தார்.

"ஏங்க, இன்னைக்கு இமைச்சிட்டேன். மொதல்ல இருந்து பாக்கணும்."

"பரவால்ல. அம்மா ராத்திரி மாத்திர போட்டாளா?" என்றார்.

அவர் அம்மா இறந்து நாலு வருஷமாகிறது.

"போட்டாச்சு" என்றேன்.

"வெந்நி வச்சுக் குடு. பச்சத் தண்ணியில போட்டா அவளுக்கு எறங்காது."

"சரி."

மறுநாள் காலை அலுவலகம் இருக்க ஆரம்பித்ததும் முதல் ஆளாகப் போய், அவர் போனில் பேசியதைச் சொன்னேன். பால்வண்ணன் ஆச்சரியப்படவில்லை.

"நட்சத்திரத்துல இருந்து வாரதெல்லாம் பழைய வெளிச்சம்மா. அங்க நிக்கவருக்குப் பழசுதான் கெடைக்கும். புதுசு போய்ச் சேராது."

"எவ்வளவு பழசு சார்?"

"மூணு நாள் முந்தி வரைக்கும் சரியாத்தான் இருந்திருப்பாரு. அதுக்கப்புறம் நாளுக்கு ரெண்டு வருசம் பின்னால போவாருன்னு வச்சுக்கோங்க."

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். நாலு வருஷம் போய்விட்டது. மிச்சம் பன்னிரண்டு. ஆறு நாள்.

எனக்கு ஏழு சாயங்காலம் வேண்டும். கழித்துப் பார்த்தேன். ஒரு நாள் இடித்தது.

"ஆறு நாள் பாத்தாப் போதுமா சார்?"

"ஏழுன்னு அச்சடிச்சிருக்கும்மா."

படிவத்தைப் பார்த்தேன். அச்சடித்திருந்தது.

"சரி, ஏழு" என்றேன். "இன்னைக்கே தொடங்குதேன்."

அன்று சாயங்காலம் மறுபடி முதல் நாள். காற்றுக்கு மறைப்பாக ஜெனோவா அக்கா தன் பழைய போர்வையை இரண்டு கம்பில் கட்டிக் கொண்டு வந்தார். நூறு எண்ணினேன். மினுக்கவில்லை. இமைக்கவில்லை.

போனில் அவர் சந்தோஷமாக இருந்தார். "புது வீட்டுக்கு எப்ப பால் காய்ச்சலாம்? மூணாம் மாடிதான் நல்லது. சாயங்காலம் மேற்க நல்லாத் தெரியும்" என்றார். அந்த வீட்டின் வாசலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்களே நாள் பாருங்க" என்றேன்.

இரண்டாம் நாள். மினுக்கவில்லை.

மூன்றாம் நாள் போனை எடுத்ததும் ரொம்ப மெதுவாகப் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

"உதைக்குதா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பிறகு புரிந்தது. அது எட்டாம் மாசம் வரைதான் உதைத்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் பேசமாட்டார். நானும் விட்டுவிட்டேன்.

"உதைக்குது" என்றேன்.

"சாயங்காலந்தான் கூட உதைக்கும். வெள்ளி தெரியுத நேரம்."

"ஆமா. இப்பக்கூட."

அன்று ராத்திரி அவர் மறுபடி நடந்தாரா, உட்கார்ந்துவிட்டாரா என்று தெரியவில்லை. கடுகு அசைந்தால் கண்ணுக்குத் தெரியாது.

நான்காம் நாளிலிருந்து நான் இன்னொரு வேலையும் செய்தேன். என்னைத் தெரியாத சாட்சியைத் தேடினேன்.

அது லேசாக இல்லை. லாரி டிரைவர்களுக்கு என்னைத் தெரியும். மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். வெளியூர் பஸ் ஒன்று வந்தது. முதலில் இறங்கியவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "புஷ்பம், நல்லாருக்கீயளா?" என்றார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அடுத்து இறங்கிய அம்மா, "வெள்ளி விசயம் என்னாச்சு?" என்று கேட்டாள். பஸ்ஸில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். நாற்பத்தொரு பேருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. கைக்குழந்தை ஒன்று என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது.

ஐந்தாம் நாள் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலே என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. அதற்கு அங்கே நிறுத்தம் கிடையாது.

"யாருமே இல்லையா புள்ள?" என்று மொட்டை மாடியில் அக்கா கேட்டார்.

"பேசாதீய. எழுவத்தி மூணு."

நூறு முடிந்தது. மினுக்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தேன். அப்போதுதான் தோன்றியது. ஏழாம் நாள் உலகத்திலேயே என்னைத் தெரியாத ஒருவர் இருப்பார். ஜன்னலுக்குப் பக்கத்தில் வேறு இருப்பார். வெள்ளியை அவரைப் போல் யாரும் பார்க்க முடியாது.

அக்காவிடம் சொன்னேன்.

"நீயே போயி அவர் வாயால உன்னத் தெரியாதுன்னு கேக்கப் போறியா?"

"வேற ஆளு கெடையாது அக்கா."

"ஒரு வாரம் பொறுத்தா யாராவது சிக்குவாங்க."

"ஒரு வாரத்துல அவரு பள்ளிக்கூடம் போயிருவாரு."

ஆறாம் நாள் போன் போட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னை நீங்க என்றார்.

"நீங்க போன் பண்ணுவீங்கன்னு நெனைக்கல. நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டுப் பேசக் கூடாதும்பாங்க."

"சும்மாதான்."

"எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கும்" என்றேன்.

"நல்லது" என்றார். "ரெண்டு பேருக்கும்னா பரவால்ல."

ஏழாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கே பால்வண்ணன் வந்துவிட்டார். பதிவேட்டைத் துணியில் சுற்றித் தலையில் சுமந்திருந்தார். ஜெனோவா அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தார். அவர் டம்ளரின் உயரத்தை டேப்பால் அளந்துவிட்டுக் குடித்தார்.

ஆறு நாற்பது. மேற்கே மேகம்.

பெரிய மேகம் இல்லை. அடிவானத்துக்கு மேலே ஒரு பாய் விரித்த மாதிரி. வெள்ளி அதற்குப் பின்னால் இருந்தது. ஆறு ஐம்பது. ஏழு. பால்வண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கீழ எறங்குனா கிரகமும் மினுக்கும்மா. காத்துக் கனமா இருக்கும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிசம். கூடப்போனா."

நான் சுற்றிப் பார்த்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. பன்னிரண்டு அடி. இரும்பு ஏணி, கைப்பிடி இல்லாதது. சேலையைத் தூக்கிச் செருகினேன்.

"எங்க போறீங்க?"

"மேகத்துக்கு மேல."

"பன்னெண்டு அடிக்கு மேகம் தாழுமா?"

"நீங்க நீள அகலந்தான சார்? உசரம் என் பொறுப்பு."

அவர் யோசித்தார். விதியில் உயரம் பற்றி ஒன்றும் இல்லை. பதிவேட்டை முதுகில் கட்டிக்கொண்டு, ஸ்டாம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். அடுத்து ஜெனோவா அக்கா. ஒவ்வொரு படிக்கும் ஒரு பேரைச் சொல்லி வேண்டினார். பதினேழு படி. பதினேழு பேர்.

தொட்டியின் மூடிமேல் மூன்று பேரும் நின்றோம். மேகம் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. வெள்ளி எதிரே நின்றது. நான் அதுவரை பார்த்ததிலேயே அன்றைக்குத்தான் அது பெரிசு. என் நிழல் தொட்டியின் மேல் விழுந்தது. அக்காவின் நிழலும் விழுந்தது. பால்வண்ணனுக்கு நிழல் இல்லை. அவர் பணியில் இருந்தார்.

"தொடங்குங்க."

ஒன்று. இரண்டு.

பால்வண்ணன் என் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினார். மூன்று தடவை மணி அடித்தது.

"அலோ, யாருங்க?" என் கணவரின் குரல்தான். ஆனால் இளசாக, அவசரம் இல்லாமல் இருந்தது.

"நீள அகல அலுவலகம். உங்களுக்குப் பின்னால ஜன்னல் இருக்கா?"

"இருக்குங்க."

"திரும்பிப் பாருங்க. அதுல தெரியுறது மினுக்குதா?"

முப்பத்தைந்து. முப்பத்தாறு.

"இல்லீங்க. ஆடாம நிக்குது. அழகா இருக்குது."

"அழகு வேண்டாம். மினுக்கல. அவ்வளவுதான?"

"மினுக்கல."

பால்வண்ணன் எழுதினார். பக்கத்தைத் திருப்பினார்.

"ராஜபுஷ்பம்னு ஒரு அம்மா. பொருட்காட்சித் தெருவுல உள்ளவங்க. வே பிரிட்ஜில வேலை. அவங்களத் தெரியுமா?"

ஐம்பத்தெட்டு. போனில் அவர் யோசிக்கிறார். எனக்குத் தெரியும். யோசிக்கும்போது காது மடலைப் பிடித்துக்கொள்வார். தெரியும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது. அறுபத்தாறு. அறுபத்தேழு.

"தெரியாதுங்க."

"நிச்சயமா?"

"கேள்விப்பட்டதே இல்லீங்க. ஏன், அவங்களுக்கு என்ன?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல."

எழுபத்தொன்று. என் கண்ணில் நீர் நிறைந்தது. வெள்ளி ஆடியது. நீண்டது, உடைந்தது, இரண்டானது, கத்திகத்தியாக ஒளி விட்டது. நட்சத்திரம் எப்படி மினுக்குமோ அப்படி மினுக்கியது.

"என்னம்மா, மினுக்குதா?" என்றார் பால்வண்ணன்.

பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும். ஆடுவது அது இல்லை. ஆடுவது எது என்று எனக்குத் தெரியும். அதைக் கழித்தேன். கழித்த பிறகு மிச்சம் இருந்ததை மட்டும் பார்த்தேன். அது நின்றது.

"கண்ணுல தண்ணி வந்தா இமைச்ச கணக்கு கெடையாது" என்றார் ஜெனோவா அக்கா, என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல். "இருபத்தெட்டு வருசம் பாத்திருக்கேன். எழுதும்."

தொண்ணூறு. நீர் கன்னத்தில் இறங்கியது. தொண்ணூற்றைந்து. வெள்ளி மறுபடி ஒன்றானது. நூறு.

"மினுக்கல" என்றேன்.

பால்வண்ணன் 'நட்சத்திரம்' என்பதை ஸ்கேல் வைத்து அடித்தார். மேலே 'கிரகம்' என்று எழுதினார். 'நல்ல பிரகாசம்' என்பதை அப்படியே விட்டார். முத்திரையை வாயால் ஊதிக் குத்தினார்.

கீழே எங்கோ கடை ஷட்டரை ஒரே இழுப்பில் இறக்கியது போலச் சத்தம் கேட்டது.

"சார்" என்றேன். "அவருக்கு எல்லாம் திரும்ப வந்துருமா?"

"எங்க ஆபீஸ் நீளம் அகலம் மட்டும்தாம்மா. அதுக்கு வேற ஆபீஸ்."

"அது எங்க இருக்கு?"

"இன்னும் தொறக்கல."

நான் ஏணியில் இறங்கினேன். மாடிப்படியில் இறங்கினேன். ஓடவில்லை.

நடைவழி முப்பத்திரண்டு அடிக்கு வந்திருந்தது. புது வீடுகள் இல்லை. சுவர் ஓரமாக ஒரு ரசப் பாத்திரம் மட்டும் இருந்தது, இன்னும் ஆறாமல்.

அவர் எங்கள் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அனுப்பிவைத்த அதே ஆள். அதே பனியன். மீசையில் அதே நரை. செருப்பு இரண்டும் தேய்ந்து குதிகால் தரையில் பட்டது. முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க? ரொம்ப தூரம் நடந்துட்டேன்."

உள்ளே போய்ச் செம்பில் கொண்டுவந்தேன். அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போன்ல ஒருத்தர் கேட்டாரே, ராஜபுஷ்பம்னு. நீங்களா?"

"ஆமா."

"தெரியாதுன்னுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரியாத்தான் சொன்னீங்க. அதுதான் வேண்டியிருந்துச்சு."

அவர் தலையாட்டினார். போவார் என்று பார்த்தேன். போகவில்லை. செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். காது மடலைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டுங்களா?"

"ஆயிட்டு."

அவர் முகம் வாடியது. கொஞ்சம்தான். செம்புக்குள் எதையோ பார்ப்பது போலக் குனிந்து மறைத்தார். நான் பார்த்துவிட்டேன்.

"நல்ல மனுசருங்களா?"

"நல்ல மனுசன்தான். எழுதும்போது மட்டும் யோசிக்க மாட்டாரு."

"எங்க இருக்காரு?"

படிக்கட்டில் ஜெனோவா அக்காவும் பால்வண்ணனும் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. நான் கதவை அகலமாகத் திறந்து ஒதுங்கி நின்றேன்.

"உள்ள வாங்க" என்றேன். "பதினாறு வருசக் கதை. உக்காந்து கேக்கணும்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வாசல் நிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வலது காலை முதலில் எடுத்து வைத்து உள்ளே வந்தார்.